நிறம் போனால் நீர் நன்னீராகுமா?

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



என் முன்னே மேசைமீது இரண்டு கண்ணாடிப் புட்டிகள் இருப்பதைத் தாங்கள் காண்கிறீர்கள். ஒன்றில் இருப்பது செந்நிறச் சாயத்தண்ணீர். மற்றொன்றில் இருப்பது, அதே சாயத்தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டைக் கரியின் ஊடே செலுத்தி எடுத்த தண்ணீர். பின்வரிசையில் அமர்ந்துள்ளவர்கள் இரண்டாவது புட்டியைக் குடிதண்ணீர் என்றே எண்ணுவார்கள். கூட்டம் தொடங்குமுன் ஓர் அன்பர் தாகத்திற்கு அதைக் கேட்டும்விட்டார். நல்லவேளையாக நான் அருகிலே இருந்தேன்.

இப்புட்டிகளைக் கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. அண்மையில் நமது வட்டாரத்தின் மூன்று பஞ்சாயத்துகளிலிருந்து ஒரே விதமான வினா என்னிடம் வந்தது. "எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் கழிவுத் தண்ணீரைக் கரி போட்டுச் சுத்தம் செய்து வயலுக்கு இலவசமாகவே விடுகிறேன் என்கிறார். பஞ்சாயத்தில் தீர்மானம் நிறைவேற்றிக் கொடுக்கலாமா?" என்பதே அவ்வினா. கிணறு வற்றிக் கிடக்கும் கோடையிலே இலவசத் தண்ணீர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆதலின் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதுவதைவிட, எல்லோரும் கூடியிருக்கும் இவ்விடத்திலேயே விடை கூறிவிடலாம் என்று எண்ணினேன்.

முதலில், கரி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். கரியைக் கையில் எடுத்தால் கட்டியாகத் தோன்றுகிறது. ஆனால் அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடி கோடியாக உள்ளன. தொழிற்சாலைகளில் நீராவி செலுத்தி மிகுந்த வெப்பத்தில் பக்குவம் செய்த கரியில், ஒரே ஒரு கிராமின் உட்பரப்பை எல்லாம் விரித்துப் போட முடியுமானால், அது ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் அளவுக்கு வரும். நாம் மூட்டம் போட்டு எடுக்கும் சாதாரணக் கரியில் இப்பரப்பு இதைவிட மிகக் குறைவு, எனினும் பயனற்றதன்று. தண்ணீர் அத்துளைகளின் வழியே நுழைந்து செல்லும்போது, அதில் கரைந்துள்ள சாயம் முதலியவை துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. நாயுருவிச் செடியோரம் நடந்துபோனால் அதன் விதை வேட்டியில் ஒட்டிக்கொள்வதில்லையா? அதைப் போன்றதே இது. இதனை வேதியியலார் பரப்புக் கவர்ச்சி என்பர். கலங்கல் நீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தெளியவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது வேறு; இது வேறு. தேற்றாங்கொட்டை, மிதக்கும் மண்துகள்களைத் திரட்டி அடியில் தங்கச் செய்கிறது. கரியோ நீரில் கரைந்தே போன பொருளையும் பிடித்துக்கொள்கிறது.

சிரட்டைக் கரி மட்டுமன்று. உமிச்சாம்பல், கடலைத்தோல், கரும்புச் சக்கை, தென்னை நார்க்கழிவு ஆகியவற்றிற்கும் இக்குணம் உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் தென்னை நார்க்கழிவுக் கரி, வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைக் கொண்டு சாயத்தையும் உலோகங்களையும் நீக்கும் ஆராய்ச்சிகள் பல ஆண்டுகள் நடைபெற்றிருக்கின்றன. நாம் குப்பை என்று ஒதுக்குவது, விலை மிகுந்த இறக்குமதிக் கரியின் வேலையில் ஒரு பங்கைச் செய்யவல்லது என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஒன்று மட்டும் கூறிவைக்கிறேன். நார்க்கழிவைக் கரியாக்காமல் பச்சையாகவே தொட்டியில் போட்டால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் கரைந்து தண்ணீர் காப்பி நிறமாகிவிடும். சாயத்தை எடுக்கப்போய்க் கறையைக் கொடுத்தவர்களாவோம்.

இவ்வளவு நல்லது செய்யும் கரி ஒன்றை மட்டும் பிடிப்பதில்லை. அது உப்பு.

சாயத்தின் மூலக்கூறு பெரியது. தண்ணீரைவிட்டு விலகி ஏதேனும் ஒரு பரப்பைப் பற்றிக்கொள்ள விழைவது. உப்போ தண்ணீரில் விழுந்தவுடன் மிக நுண்ணிய மின்துகள்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தண்ணீரையே போர்வையாகப் போர்த்திக்கொள்கிறது. கரியின் சுவரில் அதற்கு வேலையே இல்லை. ஒரு படி கரி போட்டாலும் ஒரு வண்டி கரி போட்டாலும் உப்பு வந்த வழியே போய்விடும். பருத்தி நூலில் சாயம் ஏற வேண்டுமானால், சாயத்தொட்டியின் ஒவ்வொரு லிட்டருக்கும் 40 கிராம் முதல் 80 கிராம் வரை உப்பு போடுவது பட்டறை வழக்கம். அவ்வுப்பு நூலோடு போவதில்லை. முழுவதும் கழிவுத் தண்ணீரிலேதான் வெளியேறுகிறது. ஆகவே என் முன்னே உள்ள இரண்டாவது புட்டியில் நிறம் இல்லை. முதல் புட்டியில் இருந்த உப்பு அப்படியே இருக்கிறது.

இதை நான் நூலில் படித்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரியில் வேதியியல் படித்துப் பட்டம் பெற்றவன் நான். ஆயினும் ஓர் உழவரின் நிலத்தைக் கெடுத்த பின்னரே கற்றேன் என்பதை இச்சபையில் ஒளிக்காமல் கூறிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், கொங்கு நாட்டின் வேறொரு வட்டாரத்தில் நான் விரிவாக்க அலுவலராக இருந்தேன். அங்கே கைத்தறி நூலுக்குச் சாயமிடும் சிறு பட்டறை ஒன்று இருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 லிட்டர் கழிவுநீர். அது ஓடையிலே சிவப்பாக ஓடும், ஊரார் ஏசுவார்கள். சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டுத் தெளியவைத்து, பிறகு கூழாங்கல், மணல், சிரட்டைக் கரி அடுக்கிய செங்கல் தொட்டியின் வழியே விடும்படி யோசனை கூறினேன். நான் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. தெளிந்த நீர் சொட்டியபோது கூடியிருந்தோர் கைதட்டினர், புகைப்படம்கூட எடுத்தார்கள். அந்த ஆண்டு கடும் வறட்சி. அடுத்திருந்த கால் ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்த பெரியவர் ஒருவர், அந்நீரைப் பாய்ச்சலாமா என்று என்னைக் கேட்டார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "தாராளமாகப் பாய்ச்சுங்கள், பெரியவரே" என்றேன்.

மூன்றாம் தண்ணீருக்குப் பின் இலை நுனிகள் கருகின. நான்காம் தண்ணீருக்குப் பின் பாத்தி மேட்டில் வெண்மை பூத்தது. அவர் என்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதுங்க அய்யா, பயிருதானுங்க ஒப்புக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகே நீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முன்னரே செய்திருக்க வேண்டியதைப் பின்னர் செய்தேன். லிட்டருக்கு மூன்று கிராம் உப்பு என்று முடிவு வந்தது. மூன்று கிராம் என்பது அரைத் தேக்கரண்டி, அற்பமாகத் தோன்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கால் ஏக்கரில் இரண்டு அங்குல உயரத்திற்கு ஒரு முறை தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 50,000 லிட்டர் செல்கிறது. லிட்டருக்கு மூன்று கிராம் வீதம் 150 கிலோ உப்பு. ஐம்பது கிலோ மூட்டையாக மூன்று மூட்டை! நான்கு தண்ணீருக்குப் பன்னிரண்டு மூட்டை. அந்தக் கால் ஏக்கருக்கு யூரியாவைக்கூட எவரும் இத்தனை மூட்டை இடமாட்டார். நானோ பன்னிரண்டு மூட்டை உப்பைக் கொட்டும்படி அரசாங்க அலுவலர் என்ற முறையில் யோசனை சொல்லியிருக்கிறேன். தண்ணீரைச் செடி குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. உப்பை யாரும் குடிப்பதில்லை. அது நிலத்திலேயே தங்குகிறது.

உப்பில் உள்ள சோடியம் இன்னொரு தீங்கும் செய்கிறது. களிமண்ணின் துகள்களை அது ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிடுகிறது. மழை பெய்து காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகுகிறது. அடுத்த மழை உள்ளே இறங்குவதில்லை. அந்நிலத்திற்கு ஜிப்சம் இட்டு, வடிகால் வெட்டி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, இரண்டு பருவமழைகள் கழுவிச் சென்ற பின்னர் மூன்றாம் ஆண்டில்தான் மீண்டும் சோளம் முளைத்தது. வடிகால் இல்லாத நிலமாக இருந்திருந்தால் ஜிப்சமும் கைகொடுத்திராது.

ஒரு கால் ஏக்கரின் கதை இது. இதே கதை பல ஆயிரம் ஏக்கரில் நடந்ததை நொய்யல் கரையினர் அறிவர். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. பாசனத்திற்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-இல் முடித்தார்கள். மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கியது. பாசனத்திற்காகக் கட்டிய அணையின் நீர் எங்களுக்கு வேண்டாம் என்று பாசனக்காரர்களே கூறும் நிலை ஏற்பட்டது. ஆயக்கட்டு உழவர்களின் சங்கம் நீதிமன்றம் சென்றது. கழிவு ஒரு சொட்டும் வெளியேறாதபடி செய்யாத பட்டறைகளை மூடவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அதனால் மூடப்பட்டன. பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கியவை, சவ்வு வடிகட்டிகளாலும் கொதிகலன் ஆவியாக்கிகளாலும் உப்பையே பிரித்தெடுக்கும் ஏற்பாட்டுடன் தொடங்கின. அவ்வளவு செலவு ஏன் செய்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிறம்தான் குறை என்றால் கரித்தொட்டியே போதுமாயிருந்திருக்கும்.

அப்படியானால் கரித்தொட்டி வீணா? வீண் அன்று, அதற்குரிய இடத்தில் வைக்கவேண்டும்.

சாயப்பட்டறையில் அதற்குரிய இடம் பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. நிறம் நீங்கிய உப்புநீர் வயலுக்கு நஞ்சு; சாயத்தொட்டிக்கோ அதுதான் வேண்டும். அடுத்த சாயத்திற்கு எப்படியும் உப்புப் போடத்தானே போகிறார்கள்? தண்ணீரும் மிச்சம், உப்பும் மிச்சம். நான் குறிப்பிட்ட அந்தப் பட்டறையில், வயலுக்குச் சென்ற வாய்க்காலை அடைத்து, தொட்டி நீரைத் திரும்பவும் சாயத்திற்கே எடுக்கும்படி செய்தோம். சில நிறங்களுக்குச் சரிவரவில்லை. அடர்ந்த நிறங்களுக்குச் சரிவந்தது. இலவச நீர் தருகிறேன் என்று வரும் பட்டறைக்காரரிடம், "அது நல்ல நீரானால் நீரே திரும்ப எடுத்துக்கொள்ளலாமே" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடையிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

தோல் பதனிடும் இடங்களைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. பாலாற்றுக் கரையில் நேர்ந்தது குறித்து உச்சநீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு நாடறிந்தது. அங்கே உப்போடு குரோமியமும் சேர்ந்திருக்கிறது. அந்நீர் எந்தக் கரியில் ஊறினாலும் நம் வயலுக்கு வேண்டாம்.

ஆனால், உப்பே சேராத கழிவுநீரும் நம் ஊர்களில் உண்டு. புழுங்கலரிசி ஆலையின் ஊறல் நீரைத்தான் சொல்கிறேன். நெல்லை ஊறவைக்கும் தொட்டியிலிருந்து, ஒரு கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் வீதம் மஞ்சளும் பழுப்புமாக அது வெளியேறுகிறது. சிறிது நேரத்திலேயே புளித்து, தெருவெல்லாம் நாறுகிறது. கொசுவும் பெருகுகிறது. ஆயினும் அதில் இருப்பவை நெல்லிலிருந்து கரைந்த மாவும் சர்க்கரையும் சாம்பல் சத்தும் மணிச்சத்துமே. இதை வயலுக்குரிய நீராக்க முடியும். அதற்கு வேண்டிய பொருளும் அதே ஆலை வாசலில் குவிந்து கிடக்கிறது. ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி. அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். நன்றாக வெந்து வெளுத்த சாம்பலைவிட, கரி சற்று மிஞ்சியிருக்கும் கறுத்த சாம்பலே நிறத்தையும் நாற்றத்தையும் நன்கு பிடிக்கும். ஆலைக்காரர் கறுத்த சாம்பலைக் குறை என்று எண்ணுவார். நமக்கு அது நிறை.

எனினும், ஊறல் நீரை நேரே சாம்பலில் ஊற்றினால் பயன் இராது. அதிலுள்ள மாவுப்பொருள் அவ்வளவு மிகுதி. ஒரே நாளில் சாம்பல் தொட்டி அடைத்துக்கொள்ளும். முதலில் வலையிட்டு நொய்யையும் உமியையும் அரித்து எடுக்க வேண்டும். புளித்த நீர் ஆதலால் சுண்ணாம்பு நீர் சேர்த்துப் புளிப்பை முறிக்க வேண்டும். பிறகு ஆழமற்ற இரு குட்டைகளில், படிப்படியாக விழும்படி விட்டுக் காற்று படச் செய்து, சில நாள் தேக்கிவைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அம்மாவுப்பொருளைத் தின்று தீர்க்கும். அவை தின்றது போக மிஞ்சிய நிறத்தையும் வாடையையும் நீக்குவதற்கே சாம்பல். சமையல் முடிந்த பின் தாளிப்பது போலத்தான் இது. தாளிப்பையே சமையலாகக் கொள்ளலாகாது. சாம்பலை முதலில் இரண்டு முறை நல்ல நீரில் அலசிவிட வேண்டும், ஏனெனில் அதற்குக் காரத்தன்மை உண்டு. நீர் அதில் அரை மணி நேரமாவது தங்கிச் செல்லுமாறு தொட்டியை அமைக்க வேண்டும்.

பாசனத்திற்காக நிலத்தில் விடும் கழிவுநீருக்கு அரசு விதித்துள்ள எல்லை உண்டு. உயிர்வளித் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. புளிப்பு-கார அளவு 5.5-க்கும் 9-க்கும் இடையே இருக்கவேண்டும். கரைந்துள்ள உப்புகளுக்குத் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொண்டுள்ள எல்லை 2100 மில்லிகிராம். இந்தக் கடைசி எண்ணைப் பற்றி மட்டும் எச்சரிக்கை கூற விரும்புகிறேன். 2100-க்குள் இருக்கிறது என்று காகிதம் காட்டுவார்கள். அது விடுவதற்கான எல்லை. எல்லாப் பயிருக்கும் ஏற்றது என்பதற்கான சான்றன்று. உலக உணவு, வேளாண்மை நிறுவனம் 1985-இல் வெளியிட்ட அளவுகளின்படி, நீரின் மின்கடத்துதிறன் 0.7 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலை இல்லை. 3-க்கு மேற்பட்டால் கடுமையான தடை. 2100 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 3.3. விளைச்சல் குறையாமல் பருத்தி 5 வரை தாங்கும். நிலக்கடலையும் நெல்லும் ஏறக்குறைய 2 வரை. மக்காச்சோளமும் கரும்பும் 1.1 வரையே தாங்கும். பெரியவரின் மக்காச்சோளத்திற்கு நான் கொடுத்த நீர் 4.8. இனி யாராவது "சுத்தம் செய்த நீர்" என்றால், "எத்தனை டெசிசைமன், எந்தப் பயிருக்கு?" என்று கேளுங்கள்.

பேனா அளவிலே சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் மின்கடத்துமானி கடைகளில் கிடைக்கிறது. பஞ்சாயத்துக்கு ஒன்று வாங்கி வைக்கலாம். அதுவும் இல்லையெனில், ஒரு லிட்டர் நீரைச் சுத்தமான எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஊற்றி முழுவதும் சுண்டக் காய்ச்சுங்கள். அடியில் படிவது என்ன, எவ்வளவு என்பதைக் கண் காட்டிவிடும். அக்காலத்தில் நான் அந்த ஒரு பாத்திரத்தைக் காய்ச்சிப் பார்த்திருந்தால் போதும்.

இன்னும் ஒன்று. கரிக்கும் வயிறு நிறையும். நிறைந்த கரியில் சாயம் மறுபுறம் எட்டிப் பார்க்கும். அப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். ஆனால் நிறமற்ற உலோகங்கள் எட்டிப் பார்ப்பது நமக்குத் தெரியாது. ஆகையால் நாட்கணக்கு வைத்தும், மாதந்தோறும் பரிசோதித்தும் மாற்ற வேண்டும். மாற்றிய கரியை எங்கே போடுகிறார்கள் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் அதைக் கம்போஸ்ட் குழியில் கொட்டியதை நானே கண்டிருக்கிறேன். தண்ணீரிலிருந்து பாடுபட்டு எடுத்த விஷத்தை எருவோடு சேர்த்து வயலுக்கே கொடுப்பது அது. சாயமோ உலோகமோ ஏறிய கரி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புக்கொண்ட இடத்திற்கே போகவேண்டும். அதன் செலவு பட்டறைக்காரருடையது. அரிசி ஆலையின் சாம்பல் அப்படியன்று. அதைச் செங்கல் சூளைக்கும் கொடுக்கலாம், நிலத்திலும் இடலாம்.

தீர்மானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கழிவுநீரை வெளியேற்ற இசைவு தருவது 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி வாரியத்தின் பொறுப்பு. பஞ்சாயத்துத் தீர்மானம் அவ்விசைவுக்கு ஈடாகாது. ஆனால் பிற்காலத்தில் "ஊரே ஒப்புக்கொண்டது" என்று காட்டுவதற்கு உதவும். ஆகவே இசைவுக் கடிதத்தையும், தொட்டிக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரின் பரிசோதனை முடிவையும், பழைய கரி செல்லும் இடத்தையும் எழுத்தில் பெறாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேற்ற வேண்டாம். அரிசி ஆலை நீராயினும் முதல் ஆண்டில் தென்னைக்கோ தீவனப் புல்லுக்கோ மட்டும், கிணற்று நீருடன் கலந்து பாய்ச்சிப் பாருங்கள். பச்சையாக உண்ணும் காய்கறிக்கு வேண்டாம்.

மூன்று பஞ்சாயத்துகளில் ஒன்று கேட்டிருப்பது அரிசி ஆலை நீரைப் பற்றி. மற்ற இரண்டும் சாயநீரைப் பற்றி. முன்னதற்கு நானே வந்து குட்டைக்கும் தொட்டிக்கும் இடம் பார்க்கிறேன். பின்னவை இரண்டிற்கும் என் விடை, வயலுக்கு வேண்டாம் என்பதே. இருப்பினும் என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். வரும் வியாழக்கிழமை காலை நமது அலுவலக ஜீப் மண் பரிசோதனை நிலையத்திற்குச் செல்கிறது. நீர் மாதிரிகளை ஒரு லிட்டர் புட்டியில், அதே நீரால் மூன்று முறை அலசி, வாய் வரை நிரப்பி மூடி, எடுத்த இடமும் நாளும் எழுதிய சீட்டை ஒட்டி, புதன்கிழமை மாலைக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் புட்டியும் மருந்துப் புட்டியும் கூடாது.